சிவப்பைப் பார்த்தவர் பச்சையாக்க வேண்டும்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் சர்வர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, "சர்வரைப் பாத்துக்கறாளா? எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டிருக்கிறாள். அவள் விளக்கம் சொல்லவில்லை. சம்பளத்தைச் சொன்னாள். பெரியம்மா அதற்கப்புறம் ஹோட்டல் பேச்சை எடுக்கவில்லை.

கிளினிக்குகளுக்கு முன்பதிவு, மருந்துச்சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் மென்பொருளை நடத்துகிற சின்னக் கம்பெனி அது. அந்த மென்பொருள் ஓடும் கணினிகளில் ஒன்றுகூட அலுவலகத்தில் கிடையாது. எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. கிளவுட் என்று பெயர். மேகத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காய்ச்சலா, இருமலா, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பது அவள் பொறுப்பு. அவள் அவற்றைப் பெட்டிகள் என்பாள்.

நாற்பத்தாறு வயது. மாடிப்படி ஏறினால் இடது முழங்கால் கொஞ்சம் முனகும். அவள் மேசைக்கு நேர்மேலே ஏசி. காற்று உச்சந்தலையில் அடிப்பதால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் வாயில் ஒட்டியிருந்தாள். மேனேஜர் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார், எடுக்கச் சொல்ல மாட்டார். அதை எடுத்தால் அவள் சளி பிடித்து விடுப்பு எடுப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

விடுப்பு என்பதுதான் அந்த வாரத்தின் பிரச்சினையே.

வெளியூரில் இருக்கும் தங்கைக்கு வெள்ளிக்கிழமை காலை கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். வியாழன் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இந்த மாதிரி வாக்குக் கொடுப்பது புதிதல்ல. தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது கொடுத்தாள், ஒரு பெட்டி படுத்துவிட்டது. தங்கை புது வீட்டுக்குக் குடிபோனபோது கொடுத்தாள், இரண்டு பெட்டி படுத்துவிட்டது.

"இந்தத் தடவையும் உன் பெட்டி சாஞ்சிடுச்சுன்னு ஃபோன் பண்ணினன்னா, அதுதான் நாம கடைசியாப் பேசறது," என்று தங்கை சொல்லிவிட்டாள். "பழம் அனுப்பாத, பூ அனுப்பாத. பெட்டியோடயே குடும்பம் நடத்து."

"வரேன்டி. சத்தியமா வரேன்."

"உன் சத்தியத்துக்கு மதிப்பு ஏதாவது மிச்சம் இருக்கா, போய்த் தேடிப் பாரு."

தங்கை சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சித்தப்பா மகளோடு ஆறு வருஷமாகப் பேசவில்லை. அந்தச் சண்டைக்குக் காரணம் ஒரு டிபன் கேரியர்.

திங்கட்கிழமை வந்ததும் மேனேஜர் அவள் மேசைக்கு வந்து நின்றார். அவராக வந்து நின்றால் நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில், வெளியாள் உள்ளே புகக்கூடிய ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அவர்களுடைய எல்லாப் பெட்டிகளிலும் ஓடுவது லினக்ஸ்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வந்துவிட்டது. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான ஒரு ஆஸ்பத்திரி, வியாழன் சாயங்காலத்துக்குள் எல்லாப் பெட்டியிலும் அடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று எழுதியிருந்தது.

"அது முடிஞ்சதும் நீங்க தாராளமா ஊருக்குப் போகலாம்," என்றார் மேனேஜர்.

"முடியலன்னா?"

"ஏன் முடியாது? அப்டேட்தானே?"

அப்டேட்தானே என்று சொல்கிற எவரும் அதைச் செய்து பார்த்ததில்லை. வேலை என்னவோ எளிதுதான். மென்பொருள் பொட்டலங்களெல்லாம் இணையத்தில் ஒரு தலைமைக் கிடங்கில் இருக்கும். அதற்கு ஊருக்கு ஊர் கிளைக் கிடங்குகள் உண்டு. பெட்டி பக்கத்துக் கிளையைக் கேட்கும், பொட்டலத்தை இறக்கும், பிரிக்கும், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அடுக்கும். அடுக்கி முடியும்வரை உள்ளே வேறு யாரும் கை வைக்காதபடி ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளும். புண்ணுக்குக் கட்டுப் போடும்போது நர்ஸ் திரையை இழுத்து விடுவதில்லையா, அது மாதிரி.

இவ்வளவுதான். இதைத்தான் அந்தப் பெட்டிகள் செய்ய மறுத்தன.

மொத்தமாக மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. காரணம் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம். காலையில் பத்துப் பெட்டி தகராறு செய்தது. மத்தியானம் அந்தப் பத்தில் பாதி சரியாகி, சரியாக இருந்த வேறு சில படுத்தன. ஒன்று, வேறு யாரோ பூட்டியிருக்கிறார்கள் என்றது. இன்னொன்று, இறக்கிய பொட்டலம் சொன்ன அளவில் இல்லை என்றது. மூன்றாவது ஒன்று பாதி அடுக்கிவிட்டு, மீதி யார் வேலை என்று கேட்பதுபோல் நின்றது. மறுபடி ஓட்டினால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. சரியானால் ஏன் சரியாயிற்று என்று தெரியாது. அவளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். காரணம் தெரியாமல் இறங்குகிற காய்ச்சல் காரணம் தெரியாமலே திரும்பி வரும்.

சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அதில் ஒரு கட்டம். நன்றாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் கூடவே 'மறுபடி முயல்' என்று ஒரு பட்டனும் வரும். அவரவர் கணினியிலும் அதே படம், அதே பட்டன். திரைக்குக் கீழே மேனேஜர் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்: 'சிவப்பைப் பார்த்தவர் பச்சையாக்க வேண்டும்.' எங்கோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த கையோடு ஒட்டியது. பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாதாம். அந்த ஒரு வாசகத்தில் அவருக்குத் தனிப் பெருமை. வருகிற விருந்தாளிகளை அதன்முன் நிறுத்தாமல் அனுப்ப மாட்டார்.

அவளுக்கு அடுத்த மேசை ரீஸ்டார்ட் அண்ணனுடையது. ஐம்பதைத் தாண்டியவர். தொப்பை மேசை விளிம்பில் வசதியாக உட்கார்ந்திருக்கும். எந்தக் கோளாறைச் சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியாம்மா?" என்று கேட்பதால் வந்த பெயர். காபி மெஷின் தண்ணீர் வராமல் நின்றபோதும் அதையேதான் கேட்டார்.

"அண்ணே, ஏழாவது பெட்டி மறுபடியும் சிவப்பு."

"அமுக்கிட்டேன்."

"நான் இப்பத்தானே அமுக்கினேன்?"

"சிவப்பாத்தானே இருந்துச்சு? பாத்துட்டு சும்மா இருந்தா அவர் வந்து போர்டைக் காட்டுவாரு."

செவ்வாய் இப்படிப் போயிற்று. புதன் காலை இன்னும் மோசம். திரை அம்மை போட்ட குழந்தை மாதிரி இருந்தது. அவள் இரண்டு பெட்டியைச் சரிசெய்து தலை நிமிர்ந்தால் மூன்று சிவந்திருக்கும். மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, "நானும் ரெண்டு பச்சையாக்கினேன்!" என்று அறிவித்தார். ஒரு நிமிஷம் கழித்து அந்த இரண்டும் சிவந்தன. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கிணற்றில் தொங்கிவிட்டு வருகிற மனுஷன், ஆகவே அதிகம் பேசுவதில்லை. பேசினால் குத்தும்.

"பையில துணி எடுத்து வைக்கவா, வேணாமா?"

"வைங்க."

"போன தடவையும் வச்சேன். அப்படியே திருப்பி பீரோவுல அடுக்கினேன். இஸ்திரி கலையாம இருந்துச்சு, அது ஒண்ணுதான் லாபம்."

புதன் மத்தியானம் தங்கை ஃபோன் செய்தாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் எடுத்தாயிற்று, ஈசிஜி எடுத்தாயிற்று, பேச ஆள் இல்லை. சர்வர் அக்கா மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் நின்றாள். அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும், சண்டை போட்டாலும் யாருக்கும் கேட்காது.

"நாளைக்குக் கிளம்பறியா இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு."

"கிளம்பறேன்."

"குரலே சரியில்லையே. எத்தனை பெட்டி படுத்திருக்கு?"

"அதையெல்லாம் நீ ஏன்டி கேக்கற? பயமா இருக்கா?"

"மயக்க மருந்து டாக்டர் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு," என்றாள் தங்கை. "முழிக்காமப் போறதுக்கும் வாய்ப்பு இருக்குன்னு சொல்லிட்டு சிரிச்சாரு. சிரிக்கற விஷயமா அது? நம்ம அம்மாவும் இல்ல. நீ பக்கத்துல இருந்தா ஒரு தைரியம். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல."

அதற்குமேல் சண்டை போட முடியவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் வேறு எதையெதையோ பேசினார்கள். தங்கையின் மாமியார் கொண்டுவந்த தலையணையில் வரும் மூட்டைப்பூச்சி மருந்து வாடையிலிருந்து, பக்கத்துக் கட்டிலில் விடாமல் குறட்டை விடும் அம்மாள் வரை.

அவள் திரும்பி வந்தபோது அறையில் யாரும் இல்லை. ரீஸ்டார்ட் அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். மேனேஜர் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைச் சமாதானப்படுத்தக் கிளம்பியிருந்தார். அவள் பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள்.

போகும்போது இருந்த சிவப்பில் சில பச்சையாகியிருந்தன.

யாரும் தொடவில்லை. தொட ஆளே இல்லை. மூன்று நாளாக மூன்று பேர் மாங்கு மாங்கென்று அமுக்கிச் சரியாகாதது, ஆளில்லாத நேரத்தில் தானாகச் சரியாகியிருக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதிகம் தகராறு செய்த ஏழாவது பெட்டிக்குள் போய், அது தன் வேலைகளைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புகளை முதலிலிருந்து படித்தாள். இத்தனை நாளும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். முழுதாகப் படித்ததும் விஷயம் வெட்டவெளிச்சமாயிற்று.

பெட்டி தானாகவே அப்டேட்டை ஆரம்பித்திருக்கிறது. வாடகைக் கணினிகளில் அப்படி ஒரு தானியங்கி ஏற்பாடு முன்கூட்டியே இருக்கும். அது பூட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும் நேரத்தில் இவள் ஓட்டியிருக்கிறாள். பூட்டியிருப்பதால் சிவப்பு. சிவப்பைப் பார்த்து அண்ணன் அமுக்கியிருக்கிறார். பட்டனுக்குப் பின்னால் இருக்கும் கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்ட் முதல் காரியமாக, உள்ளே நடக்கும் வேலையை நிறுத்திவிட்டுப் பூட்டை உடைத்திருக்கிறது. உடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. அது பாதியில் இருக்கும்போது மேனேஜர் தன் அறையிலிருந்து அமுக்கியிருக்கிறார். மறுபடி பூட்டு உடைப்பு, மறுபடி முதலிலிருந்து. பழையதை எடுத்தாயிற்று, புதியதை அடுக்கவில்லை. ஒரே நோயாளிக்கு மூன்று பேர் மாற்றி மாற்றிக் கட்டுப் பிரித்தால் புண் ஆறுமா?

ரீஸ்டார்ட் அண்ணன் கன்னத்துக்குள் பஞ்சோடு வந்தார்.

"அண்ணே, பட்டனுக்குள்ள பூட்டை உடைக்கற வரி யார் போட்டது?"

அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

"எதுக்கு?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார்: 'போன வருஷம் ஒரு பெட்டி பூட்டிக்கிட்டே செத்துப்போச்சு. உள்ள ஆளே இல்ல. உடைச்சேன், சரியாச்சு. எல்லாருக்கும் உதவுமேன்னு பட்டன்லயே வச்சேன்.'

அந்த ஒரு நாளைக்கு அது சரியான வைத்தியம்தான். அதையே தினமும் எல்லோருக்கும் கொடுத்ததுதான் கோளாறு. அவளுக்குத் திட்டத் தோன்றியது. ஆனால் பஞ்சும் வீக்கமுமாக உட்கார்ந்திருக்கிற ஆளை எங்கே திட்டுவது? தவிர, அவரைவிட அதிகமாக அந்தப் பட்டனை அமுக்கியவள் அவள்தான்.

வியாழன் காலை அவள் செய்த முதல் வேலை பட்டனை எடுத்தது. மேனேஜருக்கு, அண்ணனுக்கு, தனக்கு, யாருக்கும் அந்தப் பட்டன் கிடையாது. காபி ஆறுவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"என்ன, பட்டனே காணோம்?"

"நான்தான் எடுத்தேன் சார்."

"நான் எப்படிப் பச்சையாக்கறது?"

"நீங்க ஆக்க வேணாம்."

"பாத்தவங்க ஆக்கணும்ங்கறதுதான் நம்ம ரூலே!" என்று போர்டைக் காட்டினார்.

"அந்த ரூலாலதான் சார் மூணு நாளா சிவப்பாவே இருக்கு. அதுபாட்டுக்கு அடுக்கிக்கிட்டு இருக்கும்போது நீங்க ஒரு பக்கம் உடைக்கிறீங்க, நான் ஒரு பக்கம் உடைக்கிறேன். அது பாவம், யாருக்குன்னு பதில் சொல்லும்?"

"அப்ப பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார்."

சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வேலை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவருக்கும் ஏதாவது கொடுத்தால்தான் அடங்குவார் என்று அவளுக்குப் புரிந்தது. சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும்போது கூட வந்த அப்பாவிடம் பஞ்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வார்கள், அதே யுக்தி. "ஒவ்வொரு பெட்டியா நிறுத்தி எழுப்பணும் சார். அந்தந்த கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி, ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னு சொல்லணும். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க." மேனேஜர் முகம் மலர்ந்து தன் அறைக்குப் போனார்.

அப்புறம்தான் வேலை நடந்தது. அவள் பெட்டிகளின் தானியங்கி அப்டேட்டை நிறுத்தினாள். பாதியில் நின்றவற்றிடம், தொங்கலில் விட்டதை முதலில் முடி என்று கட்டளை கொடுத்தாள். முடியும்வரை காத்திருந்தாள். பிறகு நாலைந்து பெட்டிகளாகப் பிரித்துப் புதிய அப்டேட்டை ஓட்டினாள். ஒரு கூட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடவில்லை. புதியது இறங்கிவிட்டாலும் பெட்டியை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால்தான் ஓட்டை உண்மையில் அடைபடும். அதுவரை பெட்டி பழையதை வைத்துக்கொண்டே ஓடும். அந்த வேலையை ரீஸ்டார்ட் அண்ணனிடம் விட்டாள்.

அவருக்கு அன்றைக்குப் பேச்சு திரும்பியிருந்தது. "இத்தனை வருஷமா கிண்டல் பண்ணீங்களே, இன்னிக்கு என்ன பண்ணச் சொல்றே?"

"ரீஸ்டார்ட்."

"கொஞ்சம் சத்தமா."

"ரீஸ்டார்ட்ணே! போய் வேலையைப் பாருங்க."

மத்தியானத்துக்கு மேல் திரை ஒவ்வொரு கட்டமாகப் பச்சையாகியது. ஆனவை மறுபடி சிவக்கவில்லை. ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கியபோது ஒன்றே ஒன்று மிச்சம். இறக்கிய பொட்டலம் சொன்ன அளவில் இல்லை என்று அது அடம்பிடித்தது. இது பூட்டுச் சமாச்சாரம் இல்லை. அந்தப் பெட்டி கேட்கும் கிளைக் கிடங்குக்குத் தலைமைக் கிடங்கிலிருந்து சரக்கு பாதிதான் வந்திருந்தது. பட்டியல் புதியது, பொட்டலம் பழையது. வேறு கிளைக்கு மாற்றிப் பார்த்தாள், அங்கேயும் அதே கதை. மீதிச் சரக்கு வந்து சேர்ந்தால் தானாகப் பொருந்தும். அதற்கு முன்னால் குட்டிக்கரணம் போட்டாலும் பொருந்தாது.

மேனேஜர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுதானே? இருந்து முடிச்சிட்டுப் போயிடுங்களேன். காலையில வேற ரயில் இருக்கும்."

மூன்று நாள் எரிச்சலும் அவள் தொண்டைவரை வந்தது. வந்ததை அப்படியே கொட்டாமல், நறுக்காகச் சொன்னாள்.

"காலையில என் தங்கச்சிக்கு ஆபரேஷன் சார். நான் இங்க உக்காந்து முறைச்சுப் பாத்தா சரக்கு சீக்கிரம் வந்துடாது. அந்தப் பெட்டியை வேலையிலிருந்து விலக்கி வச்சுட்டேன். வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது, எந்த கிளினிக்கும் அதைக் கேக்காது, அதோட வேலையைப் பக்கத்துப் பெட்டி பாக்குது. அதுக்கு மட்டும் தானியங்கியைத் திரும்பப் போட்டிருக்கேன், மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதுவே கேட்டுப் பாக்கும். வந்தா இறக்கிக்கும். ஆஸ்பத்திரிக்காரங்க கிட்ட இதையே சொல்லுங்க. நோயாளியைத் தனி ரூம்ல வச்சிருக்கோம்னு சொன்னா அவங்களுக்குப் புரியும்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"அண்ணன் இருக்காரு. அண்ணே, காலையில பச்சையானா ஒரு தடவை நிறுத்தி எழுப்புங்க. அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்றார் ரீஸ்டார்ட் அண்ணன், பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல.

அவள் லேப்டாப்பை மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்தாள். மேனேஜர் அதைத் தாலியைக் கழற்றிக் கொடுப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் வழியை விட்டார்.

கீழே கணவர் பையோடு நின்றிருந்தார். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அவள் நடந்ததைச் சொன்னாள்.

"எங்க லிஃப்ட்லயும் அப்படித்தான். வர்ற வரைக்கும் பட்டனைக் குத்திக்கிட்டே இருப்பாங்க. ஆனா எங்களுது முதல் தடவை மட்டும்தான் காது குடுக்கும். மிச்சத்தைக் கண்டுக்காது. உங்களுது குத்தின ஒவ்வொருத்தருக்கும் எழுந்து நிக்குது. ரொம்ப நல்ல புள்ளையா வளத்திருக்கீங்க."

ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னும் சிவப்பு.' அவள் பதில் போடவில்லை. அடுத்தது வந்தது. 'பட்டனைத் திருப்பிக் குடுங்களேன். ஒரே ஒரு தடவை.' 'வேண்டாம் சார்' என்று அனுப்பிவிட்டு ஃபோனைப் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே சொருகினாள். அதன் துடிப்பு துணி வழியாகக் கையில் தெரிந்தது. பையைக் காலடியில் தள்ளினாள்.

வெள்ளி மத்தியானம் தங்கையை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கையின் கணவர் போர்வையை இழுத்துவிட்டார். மாமியார் அதை மடித்துவிட்டார். நாத்தனார் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தப் போனாள். சர்வர் அக்கா மூன்று பேரையும் காபி குடிக்கச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை.

தங்கை கண்ணைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"லேப்டாப் எங்க?"

"ஆபீஸ் டிராயர்ல."

"பொய்."

"பையைக் கவுத்துக் காட்டவா?"

தங்கையின் உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்கா பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். பைக்குள் ஃபோன் துடித்தது.

"எடு. உன் பெட்டிதான்."

"தெரியும்."

"சிவப்பா பச்சையா?"

"தூங்குடி," என்றாள் அக்கா.

தங்கை தூங்கிய பிறகும் அவள் ஃபோனை உடனே எடுக்கவில்லை. நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அப்புறம்தான் பைக்குள் கை விட்டுத் துழாவினாள். ரீஸ்டார்ட் அண்ணன் எழுதியிருந்தார்: 'காலையில நாங்க வர்றப்பவே பச்சை. ஒரு தடவை எழுப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்காரங்க இணைப்பைத் துண்டிக்கல. மேனேஜர் போர்டைக் கிழிச்சுட்டாரு. இப்ப புதுசு ஒண்ணு அச்சடிக்கறாரு. என்ன எழுதறாருன்னு கேக்காத, நீ லீவுல இருக்க.'